சுக்கான் மகன் கையில். உயிர் வாப்பா கையில்!

உயர்தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாளை எழுதிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை, சோற்றுக் கோப்பையில் கை வைக்கும் முன்பே ஒரு செய்தி சொல்லும். "உம்மா, நான் லேனர்ஸுக்குப் போகப் போறேன்." பெறுபேறு வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு என்று நீங்கள் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அந்த ஒரே வசனத்தில் அடிபட்டுப் போய்விடும். கூட்டாளிமார் எல்லாரும் போகிறார்களாம். இவன் மட்டும் போகாமல் இருப்பதா?

அன்றிரவு உங்கள் வீட்டில் நடக்கும் மஷூராவை நாம் நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. வாப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "இப்ப என்ன அவசரம்?" என்பார். உம்மாதான் சிபாரிசு செய்வார். "ஒரு லைசன்ஸ் இருந்தா நல்லந்தானே. நாளைக்கு வெளிநாட்டுக்குப் போனாலும் உதவும்." ஒரு வாரம் போகட்டும். இருவரும் இடம் மாறி நிற்பார்கள். வாப்பா கடைத்தெருவில் நாலு பேரை நிறுத்தி, "மகன் கார் பழகுறான்" என்று பெருமை பேசிக்கொண்டிருப்பார். உம்மா தஹஜ்ஜுதில் கையேந்தி அழுதுகொண்டிருப்பார்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிறையாத பிள்ளைக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாது. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம், செய்முறைப் பரீட்சை என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இதில் எழுத்துப் பரீட்சைக் காலம் வாப்பாமாருக்கு மிகவும் சோதனையான காலம். இரண்டு வருடமாகப் பௌதிகவியல் புத்தகத்தைத் திறக்காத மகன், வீதிச் சமிக்ஞைப் புத்தகத்தை இரவு பகலாக மனனம் செய்வான். அதோடு நின்றாலும் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து, "வாப்பா, இந்தப் போர்டுக்கு என்ன கருத்து?" என்று கேட்பான். இருபத்தைந்து வருடமாக வாகனம் ஓட்டுகிற மனிதர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். கடைசியில், "அதெல்லாம் நம்மட ரோட்டில இல்லாத போர்டு" என்று எழும்பிக் கை கழுவப் போய்விடுவார். மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியில் அதே போர்டு சந்தியில் நின்று அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

சாரதிப் பயிற்சிப் பாடசாலை வாகனத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பயிற்சியாளர் இடது பக்க ஆசனத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, உலகக் கவலை எதுவும் இல்லாதவர்போல் உட்கார்ந்திருப்பார். பிள்ளை லொறிக்கு நேராகப் போனாலும் அவருடைய முகம் மாறாது. அவ்வளவு பொறுமைசாலியா என்று நாம் வியக்கிறோம். இரகசியம் அவருடைய காலடியில் இருக்கிறது. அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் பொருத்தியிருக்கிறார்கள். பிள்ளை மறந்தாலும் அவர் மிதிப்பார், வண்டி நிற்கும்.

உங்கள் வீட்டு வாகனத்தில் அந்த ஆசனத்தில் உட்காரும் வாப்பாவுக்கு அங்கே வெறும் தரைதான். ஆனாலும் அவர் மிதிப்பார். சந்தி வந்தால் மிதிப்பார், ஓட்டோ வந்தால் மிதிப்பார், நூறு யார் தூரத்தில் ஓர் ஆடு தலையைத் தூக்கினாலும் மிதிப்பார். கால்மணி நேரம் மகனோடு போய்விட்டு வந்தவருக்கு வலது கெண்டைக்காலில் அப்படியொரு வலி இருக்கும். உம்மா தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "நீங்க சும்மாதானே இருந்தீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது.

நமது ஊர்களில் இன்னொரு வகை வாப்பாவும் உண்டு. றியாதிலோ குவைத்திலோ பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டுச் சாரதியாக இருந்துவிட்டு லீவில் வருபவர். "நான் ஓட்டாத வாகனமா? நானே பழக்குறேன். எதுக்கு லேனர்ஸுக்குச் சல்லி கட்டுற?" என்று முன்வருவார். அங்கே சுக்கான் வாகனத்தின் இடது பக்கம்; ஓடுவது வீதியின் வலது பக்கம். இங்கே இரண்டும் தலைகீழ். பாடம் தொடங்கும்போது, "முதல்ல நான் ஓட்டிக் காட்டுறேன், நீ பாத்துக்கொள்" என்று ஏறுவார். கியர் போட வலக் கையை நீட்டுவார். கை கதவில் போய் இடிக்கும். வலப் பக்கம் திரும்பச் சிக்னல் போடுவார். நல்ல வெயிலில் வைப்பர் இரண்டும் எழும்பி ஆடும். அந்தத் தண்டுகளும் இங்கே இடம் மாறித்தான் இருக்கின்றன. சுற்றுவட்டத்தை நெருங்கும்போது மகன் மெல்ல, "வாப்பா, இது சவூதி இல்ல" என்பான். அத்துடன் அந்தப் பயிற்சிப் பாடசாலை மூடப்பட்டுவிடும். லேனர்ஸுக்குச் சல்லி கட்டப்படும். அந்த மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தைக் கை ஒரே வாரத்தில் மறக்குமா?

பின் ஆசனத்தில் இருக்கும் உம்மாவின் கதை வேறு. பயண துஆவை ஓதி, ஸலவாத்துச் சொல்லி, பிள்ளையின் தலைக்கு ஊதி, அதன் பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார். அதுவரை எல்லாம் அழகு. வண்டி நகர்ந்த பிறகு திக்ரும் கட்டளைகளும் கலந்து வரத் தொடங்கும். "சுப்ஹானல்லாஹ்... மெல்லப் போ மகன்... சுப்ஹானல்லாஹ்... அந்தா பஸ் வருது... யா அல்லாஹ், ஏன்டா அவ்வளவு கிட்டப் போற!" மகன் மணிக்கு 20 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருப்பான். சைக்கிளில் பாண் பெட்டி கட்டிப் போகிறவர் அவர்களை முந்திக்கொண்டு போவார். உம்மும்மாவையும் ஏற்றிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளை அட்டையில் சிவப்பாக எழுதி முன்னும் பின்னும் கட்டியிருக்கும் எழுத்தைக் கண்டு, "இது என்னத்துக்கு மகன்?" என்று கேட்பார். பழகுகிற ஆள் என்று மற்றவர்களுக்குத் தெரிவிப்பதற்கு என்று பிள்ளை விளக்குவான். "அப்ப இன்னும் பெரிசாக் கட்டினா என்ன?" என்பார் உம்மும்மா. நியாயமான கேள்வி!

சிரிப்புக்குள் ஒரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களுக்குக்கூட யானை விலை, குதிரை விலை. 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் காவல் காத்துத் தள்ளித் தள்ளிப் பாதுகாத்த காரை, நேற்றுவரை பம்பரம் விட்ட பிள்ளையின் கையில் கொடுப்பது என்றால் எந்த வாப்பாவுக்குத்தான் கை நடுங்காது? மதிலில் உரசிய சத்தம் கேட்டால் வாப்பா ஓடி வந்து முதலில் எங்கே பார்க்கிறார் என்பதை உம்மாமார் கவனித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை அவர்கள் இலேசில் மறப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம். பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் முன் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, பழகுநர் ஓட்டும்போது என்ன விதி என்று வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் காப்புறுதிக்காரரிடமே கேளுங்கள். மதிலில் உரசிய பிறகு வாசிப்பதில் பிரயோசனம் இல்லை.

எங்கே பழகுவது என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும் ஒரு தலையிடி. அக்குறணை, மாவனல்லை, கம்பளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றம்தான் வில்லன். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை மறுபடி எடுப்பது என்றால் வளர்ந்தவர்களுக்கே வியர்க்கும். கிளச் என்பது இரண்டு தட்டுகளின் சிநேகம். ஒன்று இயந்திரத்தோடு சுழல்கிறது, மற்றது சில்லுகளோடு தொடர்புபட்டது. காலை அழுத்தினால் இரண்டும் பிரியும். காலை எடுத்தால் சேரும். சட்டென்று எடுத்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். எடுக்கத் தாமதித்தால் பின்னால் உருளும். பின்னால் நிற்பது எப்போதும் ஒரு தனியார் பஸ்ஸாகத்தான் இருக்கும்! அதற்கு வழி ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கிளச்சை மெல்ல மெல்ல விட வேண்டும். இயந்திரத்தின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு இலேசாக நிமிரும் இடம் ஒன்று வரும். தட்டுகள் சேரத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது கொஞ்சம் எக்ஸலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகாது. இதை உங்கள் வீட்டு ஏற்றத்தில் வேறு வாகனம் வராத நேரத்தில் இருபது தரம் செய்யவிடுங்கள். பஸ் ஹோர்ன் அடிக்கும்போது உபதேசம் செய்வதைவிட அது மேல்.

கிழக்கில் ஏற்றம் இல்லை, தெருவெல்லாம் தட்டை. ஆனால் பொழுது பட்டால் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். பின் விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி ஒன்று இருட்டிலிருந்து திடீரென்று முளைக்கும். புத்தளத்திலும் மன்னாரிலும் கழுதைகள். புத்தளத்துக் கழுதைக்கு ஹோர்ன் அடித்துப் பாருங்கள். அது திரும்பி உங்களைப் பார்க்கும் பார்வையில், இந்த வீதிக்கு யார் முதலில் வந்தது என்ற கேள்வி இருக்கும். கொழும்புப் பிள்ளைக்கு மாடும் இல்லை, கழுதையும் இல்லை, ஓட்டோ இருக்கிறது. முன் சில்லு நுழையும் இடைவெளி கிடைத்தால் முழு ஓட்டோவும் நுழையும் என்பதை அந்தப் பிள்ளை முதல் நாளே படித்துக்கொள்ளும்.

இதுவரை மகன் மகன் என்றே எழுதிக்கொண்டு வருகிறோம். மகள் கேட்டால் என்ன?

அங்கே மஷூரா பெரிதாகிவிடும். சாச்சா வருவார், மாமி வருவார், கேட்காத ஆட்களும் அபிப்பிராயம் சொல்வார்கள். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்குக் கார்?" என்று கேட்பவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்கலாம். வாப்பா கடல் கடந்து உழைக்கிறார். தம்பி ஆறாம் வகுப்பு. வாகனம் கராஜில் சீலை மூடிக் கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு உம்மாவுக்கு இழுப்பு வந்தால் யாருடைய கதவைத் தட்டுவது? இப்படிக் கதவு தட்டி நின்ற வீடுகள் நம் ஊர்களில் இல்லையா? பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு இருந்த தடையைச் சவூதி அரேபியாவே 2018 ஜூன் 24ஆந் திகதியோடு நீக்கிவிட்டது. பெண் பயிற்சியாளர்கள் உள்ள பயிற்சிப் பாடசாலைகளும் இப்போது நம் நாட்டில் உண்டு. எமது அபிப்பிராயத்தைக் கேட்டால், மகளுக்கும் பழக்கித்தான் ஆக வேண்டும் என்போம். வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று அதிகம் சத்தம் போட்ட மாமிதான், மகளுக்கு லைசன்ஸ் கிடைத்த கிழமையே தொலைபேசி எடுப்பார். "மகள், ஹொஸ்பிட்டலுக்கு ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போறியா?"

சரி, பெற்றோரின் பயம் வெறும் பயமா? இல்லை. இலங்கையின் வீதிகளில் ஒவ்வொரு வருடமும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கு ஆபத்து மிக அதிகம் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்களில்தான் என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. காரணம் கையும் காலும் அல்ல, கண். புதியவர் பொனெற்றுக்கு முன்னால் உள்ள தரையையே பார்த்துக்கொண்டு போவார். பழகியவரின் பார்வை தூரத்தில் இருக்கும். தரித்து நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது இறங்கக்கூடும் என்று அவர் முன்கூட்டியே நினைக்கிறார். ஊர்மனைக்குள் கார் ஒன்றின் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு செக்கன் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் 100இல் போனால் வேகம் இரண்டு மடங்குதானே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமோ நாலு மடங்காகிறது. இதை மகனிடம் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். உயர்தரத்தில் படித்த கணக்குத்தான்.

இன்னொன்று, கூட்டாளிமார். தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டும் பிள்ளை, பின்னால் மூன்று பேர் ஏறியதும் வேறு பிள்ளையாகிவிடுவதை நீங்கள் காண மாட்டீர்கள். ஏனென்றால் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்த பிறகு கடற்கரை வீதிகளில் மோட்டார் சைக்கிள் சத்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். நியூசிலாந்து 1987இல் இதற்கென்றே ஒரு முறையைக் கொண்டு வந்தது. புதிய சாரதிகள் முதலில் பின்னிரவில் தனியாக ஓட்டக் கூடாது, மேற்பார்வை இல்லாமல் கூட்டாளிகளை ஏற்றக் கூடாது என்று படிப்படியாகத்தான் அங்கே முழு உரிமை கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் பின்பற்றின. சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா? லைசன்ஸ் கிடைத்து முதல் ஆறு மாதத்துக்கு இரவில் வேண்டாம், கூட்டாளிமார் வேண்டாம் என்று வாப்பா சொன்னால் அது வீட்டுச் சட்டம். முகம் ஒரு கிழமைக்குத் தூக்கியிருக்கும். தூக்கியிருக்கட்டும்.

பக்கத்தில் உட்காரும்போது எதைச் சொல்வது என்பதிலும் வாப்பாமார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஏய்! ஏய்!" என்பது ஒரு கட்டளை அல்ல. அதைக் கேட்ட பிள்ளை வீதியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பயிற்சியாளர் சொல்லும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். சந்திக்கு நெடுந்தூரம் முன்பே, "காலை எடுங்க... ரெண்டாங் கியர்... இடப்பக்கம் பாருங்க" என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்வார். தன் இளமைக் காலத்து மொறிஸ் மைனர் வீரத்தையெல்லாம் அவர் அந்த நேரத்தில் எடுத்து விளம்புவதில்லை.

உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை உண்டு. கோபிக்க வேண்டாம். மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லை, உங்கள் கை தொலைபேசிக்குப் போகிறது. "எங்க மகன் இருக்கிற? கவனமா ஓட்டுறியா?" ஒரு கையில் சுக்கான், மறு கையில் உங்கள் பாசம்! கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். உம்மாவின் அழைப்பை எடுக்காமல் விட்டால் வீட்டில் அதைவிடப் பெரிய குற்றம். பிள்ளை எதைச் செய்வான்? போய்ச் சேர்ந்ததும் அவனே எடுக்கட்டும் என்று பேசி வையுங்கள். அதுவரை தஸ்பீஹைக் கையில் எடுங்கள், தொலைபேசியை அலுமாரிக்குள் வையுங்கள்.

கடைசியில் அந்த நாள் வரும். லைசன்ஸ் வந்து, எல் போர்டு கழற்றி, பிள்ளை முதல் தடவையாகப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருக்க வண்டியை எடுக்கும் நாள். தூரப் பயணம் ஒன்றும் இல்லை. சந்திக் கடையில் ஒரு றாத்தல் பாண். நடந்து போனால் ஐந்து நிமிடம். வாப்பா பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்காருவார். பக்கம் புரளாது. உம்மா கேற்றடியில் ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். செடி மூழ்கும். பத்து நிமிடம். கால் மணி. அரை மணி. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் இருவர் தலையும் ஒன்றாகத் திரும்பும். கடைசியில் நம்முடைய ஹோர்ன் சத்தம். வண்டி கேற்றுக்குள் நுழைந்து, இரண்டு தரம் குலுங்கி, நிற்கும். வாப்பா டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பட்டப் பகலில் வண்டியைச் சுற்றி வருவார். உம்மா மகனைச் சுற்றி வருவார். கீறல் இல்லை, காயம் இல்லை. மகன் இறங்கி, சாவியை விரலில் சுழற்றியபடி பெரிய மனிதனாக வீட்டுக்குள் போவான்.

பாண்? அதை வாங்க மறந்துவிட்டான்.